ஞாயிறும் நாளும் ஒரே எழுத்தில்: முதல் கான்ஜி கற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜப்பானிய மொழி தொடங்கியவர்கள் ஒலியெழுத்துகளான ஹிரகானாவையும் கதகானாவையும் முடித்ததும், சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்துகளான கான்ஜி என்ற மலை எதிரே நிற்கும். அதில் ஏற ஒரே ஒரு எழுத்தை எடுத்துக்கொண்டு, அதை அடிமுதல் நுனிவரை பார்ப்பதே இந்தப் பக்கத்தின் வேலை. எழுத்தைச் சொற்களாலேயே வரைந்து காட்டுகிறோம். பென்சிலும் தாளும் பக்கத்தில் இருக்கட்டும்.

எந்த எழுத்து? பார்க்க எப்படி இருக்கும்?

நின்ற வாக்கில் ஒரு செவ்வகம். அதன் நடுவே ஒரு கிடைக்கோடு. அவ்வளவுதான். இரண்டு அறை கொண்ட சின்ன அலமாரி போல இருக்கும். பொருள் இரண்டு: சூரியன், நாள். தனியாக நின்றால் 'ஹி' என்று படிப்பார்கள்.

ஜப்பானியத் தொடக்கப்பள்ளியில் முதல் வகுப்புக்கு 80 கான்ஜிகள், ஆறு ஆண்டுகளில் மொத்தம் 1026. அன்றாடப் பயன்பாட்டுக்கென்று 2010-இல் திருத்தப்பட்ட அரசுப் பட்டியலில் 2136. நம் எழுத்து அந்த முதல் 80-இல் ஒன்று.

இதிலிருந்தே ஏன் தொடங்க வேண்டும்? 'ஒன்று' என்பதற்கு ஒரே கோடுதானே, அது இன்னும் சுலபமாயிற்றே?

எழுதச் சுலபம்தான். ஆனால் கான்ஜியில் கஷ்டம் எழுதுவதில் இல்லை, படிப்பதில் இருக்கிறது. அந்தக் கஷ்டத்தின் எல்லா வகையும் இந்த ஒரு எழுத்தில் உண்டு. இதைச் சரியாகப் பிடித்தால் அடுத்த நூறு எழுத்துகள் எந்த வழியில் வரும் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு காரணம், இதை நீங்கள் ஏற்கெனவே பலமுறை உச்சரித்திருக்கிறீர்கள். நிஸ்ஸான் கார், மண் அள்ளும் ஹிட்டாச்சி, நிப்பான் பெயிண்ட் ஆகிய மூன்று பெயர்களும் ஜப்பானியத்தில் இதே எழுத்தில்தான் தொடங்குகின்றன. ஒன்றில் அது 'நிஸ்', ஒன்றில் 'ஹி', ஒன்றில் 'நிப்'. ஏன் என்பதைக் கீழே பார்ப்போம்.

எந்த வரிசையில் எழுத வேண்டும்?

நான்கு கோடுகள்.

முதல் கோடு: இடப்பக்கச் செங்குத்து, மேலிருந்து கீழே. முடிவில் நிறுத்தி எடுங்கள்.

இரண்டாவது: முதல் கோட்டின் தலையிலிருந்து வலப்பக்கம் போய், மூலையில் ஒரு கணம் நின்று, பென்சிலை எடுக்காமலே திரும்பிக் கீழே இறங்குங்கள். மேல்கோடும் வலப்பக்கச் செங்குத்தும் சேர்ந்து ஒரே கோடு. கடைசியில் கொக்கி கிடையாது.

மூன்றாவது: நடுக்கோடு, இடமிருந்து வலம்.

நான்காவது: அடிக்கோடு, இடமிருந்து வலம். பெட்டியை மூடுவது எப்போதும் கடைசியில்.

தமிழர்கள் செய்யும் தவறுகள் பெரும்பாலும் இரண்டுதான். முதலாவது, பெட்டியை முழுக்க மூடிவிட்டுப் பிறகு நடுக்கோட்டைப் போடுவது. வீட்டுக்குள் ஆள் நுழைந்த பிறகே கதவைச் சாத்த வேண்டும் என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எழுத்துறுப்பு உள்ள எல்லாப் பெட்டி எழுத்துகளுக்கும் இது பொருந்தும். இரண்டாவது, மேல் வலது மூலையில் பென்சிலை எடுத்துவிடுவது. அப்போது கோடு ஐந்தாகிவிடும்.

வரிசை மாறினாலும் உருவம் ஒன்றுதானே? என்ன கெட்டுவிடும்?

நான்கு கோட்டு எழுத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது என்பது உண்மை. ஆனால் இதே பெட்டி பதினெட்டுக் கோடுள்ள எழுத்துக்குள்ளும் வரும். அங்கே கை தானாக ஓட வேண்டும் என்றால் இங்கேயே பழக வேண்டும். வேகமாக எழுதும்போது கோடுகள் ஒன்றோடொன்று இழுபட்டுச் சேரும். எந்தக் கோடு எதனோடு சேரும் என்பதை வரிசைதான் தீர்மானிக்கிறது. வரிசை தவறிய வேகக் கையெழுத்து ஜப்பானியருக்குப் புரியாமல் போகலாம்.

கோட்டின் எண்ணிக்கையும் முக்கியம். அச்சு அகராதியில் உச்சரிப்புத் தெரியாத எழுத்தைக் கோட்டு எண்ணிக்கையைக் கொண்டுதான் தேடுவார்கள். நீங்கள் ஐந்து என்று எண்ணினால் நான்கு கோட்டுப் பகுதியில் இருக்கும் எழுத்து கிடைக்கவே கிடைக்காது.

எந்த நோட்டில், எவ்வளவு பெரிதாக எழுதிப் பழகுவது?

கட்டம் போட்ட கணக்கு நோட்டு போதும். நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு என நான்கு சின்னக் கட்டங்களைச் சேர்த்து ஒரே பெரிய கட்டமாக எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் வரும் குறுக்குக் கோடுகளே வழிகாட்டி. ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகளின் கான்ஜி நோட்டிலும் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் இப்படிப் புள்ளிக்கோட்டுச் சிலுவை அச்சிட்டிருக்கும். பென்சில் 2பி நல்லது. நிறுத்துமிடத்தில் அழுத்துவது தாளில் தெரியும்.

உயரம் மூன்று பங்கு என்றால் அகலம் இரண்டு பங்கு இருக்கட்டும். கட்டத்தின் ஓரத்தைத் தொட வேண்டாம். நடுக்கோடு பெரிய கட்டத்தின் கிடை மையக்கோட்டின் மேலேயே விழும். சதுரமாக எழுதினால் பார்வைக்கு வேறொரு எழுத்தின் சாயல் வந்துவிடும். அதைப் பிறகு சொல்கிறோம்.

நுணுக்கம் ஒன்று: இரண்டு செங்குத்துகளின் கால்களும் அடிக்கோட்டுக்குக் கீழே மயிரிழை அளவு நீண்டிருக்கும். 'வாய்' என்ற எழுத்து உள்ளே எதுவும் இல்லாத பெட்டி. அதில் இதற்கு மாறாக அடிக்கோடு வலப்பக்கம் சற்றே நீண்டிருக்கும்.

நடுக்கோடு வலப்பக்கச் சுவரைத் தொடவில்லை. ஆசிரியர் தப்பு என்கிறார். சரியா?

தப்பில்லை. கோடு தொடுவது, தொடாமல் இருப்பது, நிறுத்துவது, கொக்கி போடுவது போன்ற கையெழுத்து வேறுபாடுகளால் ஓர் எழுத்து தவறாகிவிடாது என்று ஜப்பானியப் பண்பாட்டு முகமை 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் விளக்கியிருக்கிறது. தொடக்கநிலையில் ஒரே வடிவத்தைப் பின்பற்றுவது பழகுவதற்கு நல்லது. அந்த அளவில் ஆசிரியர் சொல்வதைக் கேளுங்கள்.

ஓர் எழுத்துக்கு எதற்கு இத்தனை உச்சரிப்பு?

அரசுப் பட்டியல் இந்த எழுத்துக்குத் தரும் உச்சரிப்புகள் நான்கு: நிச்சி, ஜித்ஸு, ஹி, க.

தமிழில் நீர் என்கிறோம், ஜலம் என்றும் ஒரு சொல் வைத்திருக்கிறோம். தனியாகச் சொன்னால் நீர், தண்ணீர். ஆனால் ஜலதோஷம், ஜலசந்தி என்று கூட்டுச்சொல்லில் வடசொல் வந்து உட்காரும். இந்த இரண்டையும் ஒரே குறியால் எழுதுவதாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாக நின்றால் 'நீர்', கூட்டில் வந்தால் 'ஜல' என்று படிப்போம். ஜப்பானியத்தில் நடந்தது இதுதான். ஹி, க ஆகியவை சொந்தச் சொற்கள், இவை குன்யொமி. நிச்சி, ஜித்ஸு ஆகியவை சீனத்திலிருந்து எழுத்தோடு சேர்ந்து வந்த ஒலிகள், இவை ஒன்யொமி. ஒரே சீன ஒலி வெவ்வேறு காலத்தில் வந்ததால் ஒன்யொமியே இரண்டாகிவிட்டது.

இந்த ஒலிகளைத் தமிழில் படிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

குறில் நெடிலை இங்கே எழுதியபடியே படியுங்கள். அந்த வேறுபாடு ஜப்பானியத்தில் பொருளையே மாற்றும். மாத்திரை பழகிய நமக்கு இது பெரிய வசதி. நம் எழுத்தின் 'க' என்ற உச்சரிப்பு, சொல்லின் நடுவில் வந்தாலும் 'கப்பல்' என்பதன் முதல் எழுத்தைப் போல வன்மையாக ஒலிக்கும். சொல்லின் கடைசியில் வரும் பி மட்டும் 'கம்பி'யின் பி போல மெலிந்தது. நிச்சி என்று எழுதினாலும் ச்-இல் தங்கக் கூடாது. இரண்டே தட்டு, அதாவது இரண்டே ஒலியளவு. 'நிசி' என்று எழுதினால் வாய் வேறு ஒலிக்குப் போய்விடும் என்பதால்தான் இப்படி எழுதுகிறோம். த்ஸு என்பது ஒரே ஒலி. 'த்'தில் தொடங்கி 'ஸு'வில் முடியும். 'சு' என்று மழுப்பினால் வேறு எழுத்தாகிவிடும்.

எந்த இடத்தில் எந்த உச்சரிப்பு என்று எப்படித் தெரியும்?

நான்கையும் பட்டியலாக மனப்பாடம் செய்யாதீர்கள். சொற்களாகப் படியுங்கள், அதில்தான் பலன் இருக்கிறது. ஆனாலும் கைகொடுக்கும் சில போக்குகள் உண்டு.

தனியாக நின்றாலும், சூரியன் என்ற பொருள் வெளிப்படையாகத் தெரியும் சொந்தச் சொல்லிலும் ஹி: அஸஹி (காலைச் சூரியன்), யூஹி (மாலைச் சூரியன்).

சீனவழிக் கூட்டுச்சொல்லின் தொடக்கத்தில் வந்தால் நிச்சி அல்லது அதன் குறுகிய வடிவம்: நிக்கி (நாட்குறிப்பு), நிக்கோ (சூரிய ஒளி, தொச்சிகி மாவட்டத்தில் உள்ள புகழ்பெற்ற கோயில் நகரின் பெயரும் இதுவே).

ஜித்ஸு அன்றாடச் சொற்களில் பெரும்பாலும் கடைசியில்தான் வரும்: ஹேஜித்ஸு (வேலை நாள்), க்யூஜித்ஸு (விடுமுறை நாள்), ஷுகுஜித்ஸு (அரசு விடுமுறை), ஹொன்ஜித்ஸு (இன்று என்பதன் மரியாதை வடிவம்). ரயில் நிலையக் கால அட்டவணையில் ஹேஜித்ஸு ஒரு பக்கமும் சனி, விடுமுறை நாட்கள் மறுபக்கமும் இருக்கும். பக்கம் மாறிப் படித்தால் ரயிலைத் தவறவிடுவீர்கள்.

கடைசியில் நிச்சி வருவதும் உண்டு: மைனிச்சி (தினமும்). பி வருவதும் உண்டு: தன்ஜோபி (பிறந்தநாள்), கடைக் கதவில் தொங்கும் தேக்யூபி (வாராந்தர விடுமுறை). க்யூஜித்ஸுவுக்கும் தேக்யூபிக்கும் கடைசி இரண்டு எழுத்துகள் ஒன்றேதான், படிப்பு மட்டும் வேறு. இதற்கு விதி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். இரண்டையும் தனித்தனிச் சொல்லாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

நிச்சி எப்படி நிக், நிஸ், நிப் ஆகிறது?

பழைய சீனத்தில் இந்தச் சொல் 'த்' போன்ற ஒற்றில் முடிந்தது. தனியாக நிற்கும்போது ஜப்பானியர் அதற்கு ஓர் உயிரைச் சேர்த்து நிச்சி ஆக்கினார்கள். பின்னால் வல்லொலி வந்தால் அந்த ஒற்று அதோடு ஒட்டி இரட்டிக்கும். நிச்சி + கி = நிக்கி. நிச்சி + ஸன் = நிஸ்ஸன், அதாவது நிஸ்ஸான்; 'நிஹொன் ஸங்க்யோ' என்ற நிறுவனப் பெயரின் சுருக்கம் அது. நிச்சி + ஹொன் = நிப்பொன். கடைசியில் 'ஹ' எப்படி 'ப்ப' ஆயிற்று என்றால், இன்று 'ஹ' என்று ஒலிப்பது பழங்காலத்தில் 'ப'வாக இருந்தது. இரட்டிக்கும் இடத்தில் அந்தப் பழைய ஒலி தங்கிவிட்டது. ஹி என்பது தன்ஜோபியில் பி ஆவதும் இதே காரணத்தால்தான்: பழைய ப மெலிந்தால் கம்பியின் ப.

நிஹொன், நிப்பொன் இரண்டுமே நாட்டின் பெயர்கள். சூரியனும் 'அடி, மூலம்' என்ற எழுத்தும் சேர்ந்து, சூரியன் தோன்றும் இடம் என்று பொருள் தரும்.

தேதிகள் ஏன் இவ்வளவு குழப்பம்?

இதுதான் தொடக்கநிலையில் எல்லோரையும் வாட்டும் இடம். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

2 முதல் 10 வரை சொந்த எண்ணுப்பெயரோடு 'க' சேரும்: 2 ஃபுத்ஸுக, 3 மிக்க, 4 யொக்க, 5 இத்ஸுக, 6 முயிக, 7 நனொக, 8 யோக, 9 கொகொனொக, 10 தோக. அதன் பிறகு 11 முதல் எண்ணோடு நிச்சி. இதற்கும் மூன்று விலக்கு: 14 ஜூயொக்க, 20 ஹத்ஸுக, 24 நிஜூயொக்க. 17, 19 இரண்டும் விலக்கில்லை. ஆனால் எண் ஒலியைக் கவனியுங்கள்: ஜூஷிச்சினிச்சி, ஜூகுனிச்சி.

முதல் தேதி த்ஸுயிதச்சி. 'நிலவு தோன்றுதல்' என்ற பழந்தொடரிலிருந்து வந்தது. சந்திர மாதத்தின் தொடக்கம். அதே இரண்டு எழுத்துகளை இச்சினிச்சி என்று படித்தால் 'ஒரு நாள்' என்ற கால அளவு. எது என்று வாக்கியம்தான் சொல்லும்.

மற்றவற்றில் மிக்க என்பது மூன்றாம் தேதியும் ஆகும், மூன்று நாட்களும் ஆகும். கால அளவைத் தெளிவாகச் சொல்ல மிக்ககன் என்று சொல்லலாம்.

தமிழ் வாய்க்கு மிக ஆபத்தானது 4-உம் 8-உம். யொக்க என்பதை ஒற்றுக்கு அரை மாத்திரை கொடுத்து ஓட்டிவிடுவோம். ஜப்பானியத்தில் ஒற்றுக்கும் ஒரு முழுத் தட்டு உண்டு: யொ-க்-க. யோக என்பதும் மூன்று தட்டு: யொ-ஒ-க. போதாததற்கு, இரண்டு உயிர்களுக்கு நடுவில் வரும் 'க'வை மெலிக்கும் நம் பழக்கம் யோகவை 'யோகா' பயிற்சியாக்கிவிடும். மேசையில் விரலால் தட்டிக்கொண்டே சொல்லிப் பழகுங்கள். மருத்துவரிடம் நேரம் வாங்கும்போது 4-ஆம் தேதியா 8-ஆம் தேதியா என்பது சின்ன விஷயம் இல்லை. சந்தேகம் இருந்தால் கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்று, நாளை, நேற்று என்ற சொற்களில் இந்த எழுத்தை எங்கே படிக்கிறோம்?

எங்கேயும் படிப்பதில்லை. 'இப்போது' என்ற எழுத்தும் நம் எழுத்தும் சேர்ந்து க்யோ (இன்று). இதில் இது இன்னாருடைய ஒலி என்று பிரிக்க முடியாது. இரண்டு எழுத்துகளின் தலையிலும் ஒரு முழுச்சொல்லைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அஷித (நாளை), கினோ (நேற்று) ஆகியவையும் அப்படியே. க்யோவின் அதே எழுத்துகளைக் கொன்னிச்சி என்று படித்தால் 'இக்காலம்' என்று பொருள். வணக்கம் சொல்லும் கொன்னிச்சிவ அதிலிருந்து வந்தது.

கிழமைப் பெயர்களுக்கும் தமிழுக்கும் தொடர்பு உண்டாமே?

உண்டு, அழகான தொடர்பு. நிச்சியோபி சூரியனின் நாள், நம் ஞாயிறு. கெத்ஸுயோபி நிலவின் நாள், நம் திங்கள். நிலவுக்கும் மாதத்துக்கும் 'திங்கள்' என்ற ஒரே சொல் தமிழில் இருப்பது போலவே அங்கே நிலவுக்கும் மாதத்துக்கும் ஒரே எழுத்து. மற்ற ஐந்தும் நெருப்பு, நீர், மரம், பொன், மண். அவற்றோடு 'விண்மீன்' என்ற எழுத்தைச் சேர்த்தால் முறையே செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனிக்கோள்களின் ஜப்பானியப் பெயர்கள். ஆகவே வரிசை மாறாமல் நம் கிழமைகளேதான்.

இது தற்செயல் இல்லை. அமோகவஜ்ரர் என்ற பௌத்தத் துறவி 8-ஆம் நூற்றாண்டில் சீனத்தில் தந்த இந்தியச் சோதிட நூலைக் கூகாய் என்ற துறவி 806-இல் ஜப்பானுக்குக் கொண்டுபோனார். ஏழு கோள்களின் நாள்முறை அந்த வழியாக அங்கே போனது. தமிழர்கள் கிழமைகளைத் தனியாக மனப்பாடம் செய்யவே வேண்டாம்.

எந்த எழுத்துகளோடு குழம்பும்?

உள்ளே ஒன்றுமில்லை என்றால் வாய். இரண்டு கோடுகள் என்றால் கண். சிலுவை இருந்தால் வயல். தலையில் சின்னச் சாய்கோடு இருந்தால் வெள்ளை. அடியில் தனியாக ஒரு நீளக்கோடு இருந்தால் விடியல்: அடிவானத்துக்கு மேல் சூரியன். இடப்பக்கம் தனியாக ஒரு செங்குத்து நின்றால் 'பழைய'. அடி திறந்து, இடக்கால் வளைந்து, வலக்கால் கொக்கியில் முடிந்து, உள்ளே இரண்டு கோடுகள் இருந்தால் நிலவு.

அகலமாக, பட்டையாக எழுதினால் 'சொல்லுதல்' என்ற பழைய எழுத்தின் சாயல் வரும். அதற்கும் நான்கே கோடு. சதுரமாக எழுதாதீர்கள் என்று மேலே சொன்னது இதனால்தான். அது தனியாக வருவது இன்று அரிது. எனவே வாசிப்பில் பயம் வேண்டாம்.

நல்ல பயிற்சி ஒன்று: நம் எழுத்தில் ஒரே ஒரு கோட்டைக் கூட்டி எத்தனை எழுத்துகள் செய்யலாம் என்று பாருங்கள். கண், வெள்ளை, வயல், விடியல், பழைய என ஐந்து மேலேயே வந்துவிட்டன. நடுவில் ஒரு செங்குத்தை மேலே மட்டும் நீட்டினால் ஒன்று, கீழே மட்டும் நீட்டினால் ஒன்று, இரண்டு பக்கமும் நீட்டினால் ஒன்று என இன்னும் மூன்று கிடைக்கும். அரை மணி நேரத்தில் எட்டு எழுத்துகள் கண்ணுக்குப் பழகிவிடும்.

வேறு எழுத்துகளுக்குள் இது உறுப்பாக வரும்போது பொருள் எப்போதும் சூரியன்தானா?

பெரும்பாலும். சூரியனும் நிலவும் பக்கத்தில் நின்றால் 'வெளிச்சம்'. சூரியனுக்கு வலப்பக்கம் 'நீலம்' என்ற எழுத்து நின்றால் 'வானம் தெளிதல்'. 'நேரம்' என்ற எழுத்தில் வலப்பக்கம் நிற்பது 'கோயில்'. கோயிலுக்கும் நேரத்துக்கும் கதை கட்ட வேண்டாம். கோயிலின் ஒலியான 'ஜி'யைக் கடன் வாங்கவே அது நிற்கிறது. பொருளுக்கு ஓர் உறுப்பு, ஒலிக்கு ஓர் உறுப்பு என்பதே பெரும்பாலான கான்ஜிகளின் கட்டுமானம். இப்படி இடப்பக்கம் நிற்கும்போது நம் எழுத்துக்கு ஹிஹென் என்று பெயர். ஒடுக்கமாக, சற்றே மேலே தூக்கி எழுத வேண்டும்.

'ஒலி' என்ற எழுத்தின் அடியில் இருக்கும் பெட்டிக்கும் சூரியனுக்கும் சம்பந்தம் இல்லை. 'கிழக்கு' என்பதை மரத்தின் பின்னே எழும் சூரியன் என்று பல புத்தகங்கள் விளக்கும். நினைவில் வைக்க அது உதவும், வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அறிஞர்கள் பலர் அதன் பழைய வடிவத்தை இருமுனையும் கட்டிய மூட்டை என்றே சொல்கிறார்கள்.

சூரியன் வட்டம்தானே, ஏன் பெட்டி?

தொடக்கத்தில் வட்டம்தான், நடுவில் ஒரு புள்ளி அல்லது சிறு கோடு. சுமார் 3200 ஆண்டுகளுக்கு முன் சீனத்தில் ஷாங் அரசர் காலத்தில் ஆமை ஓட்டிலும் மாட்டு எலும்பிலும் கீறினார்கள். எலும்பில் வளைவு கீறுவது கடினம். அதனால் வட்டம் மூலைகளுடன் கோணலானது. பின்னர்த் தூரிகை அதை நேராக்கியது.

போனிலும் கணினியிலும் தட்டச்சு செய்வது எப்படி?

அமைப்புகளில் ஜப்பானிய விசைப்பலகையைச் சேருங்கள். ரோமன் எழுத்தில் ஒலியைத் தட்டினால் ஹிரகானா வரும், கணினியில் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் கான்ஜிப் பட்டியல் விரியும், வேண்டியதில் எண்டர். 'ஹி' என்று மட்டும் தட்டினால் நெருப்பு உட்பட நீண்ட பட்டியல் வந்து திணறடிக்கும். மைனிச்சி, நிஹொன் என்று முழுச்சொல்லாகத் தட்டுங்கள். முதல் பரிந்துரையிலேயே சரியானது வரும். ன் ஒலிக்கு விசையை இருமுறை தட்டுவது பாதுகாப்பானது.

எத்தனை முறை எழுதினால் மனத்தில் நிற்கும்? தேர்வில் எழுதச் சொல்வார்களா?

ஒரே நாளில் ஐம்பது முறை எழுதினால் கை வலிக்கும். பத்தாவதுக்கு மேல் மனம் கூட வராது. முதல் நாள் பார்த்து ஐந்து முறை, மூடிவைத்து மூன்று முறை. பிறகு 2, 4, 8, 15-ஆம் நாட்களில் பார்க்காமல் ஒருமுறை; தவறினால் மட்டும் மறுபடி மூன்று. ஒவ்வொரு முறையும் தனி எழுத்தாக எழுதாமல் ஒரு சொல்லுக்குள் எழுதுங்கள். கூட வரும் கான்ஜி தெரியாவிட்டால் அந்தப் பகுதியை ஹிரகானாவில் எழுதலாம்.

ஜப்பானிய மொழித் திறனைச் சோதிக்கும் ஜேஎல்பிடி தேர்வில் விடையைக் குறிப்பதுதான், கையால் எழுதும் பகுதி இல்லை. அதன் தொடக்கநிலையான என்5-க்கு இந்த எழுத்தைச் சொற்களில் படிக்கத் தெரிந்தால் போதும். ஆனால் ஜப்பானில் வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை, நகராட்சிப் பதிவு என்று எந்தப் படிவத்தை எடுத்தாலும் ஸேனென்கப்பி என்ற பிறந்த தேதிக் கட்டம் இருக்கும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் மூன்று எழுத்துகள் அச்சிட்டிருக்கும். கடைசியாக நிற்பது நம் எழுத்து. எண்ணை அதற்கு முன்னால் எழுதுங்கள், பின்னால் அல்ல.